மாடிக் கதவில் அடித்த ரப்பர்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் காலை பஸ்ஸில், ரப்பர் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"என் மாமியார் சாம்பிளைத் தர மாட்டேங்கிறாங்கக்கா."

"இன்னா சாம்பிள்?"

"நான் கலந்த ரப்பர் பட்டைதான். வெயில்ல வெடிக்காம இருக்க மருந்து போடுறோம்ல, அது ரப்பரோட சரியா கலக்கலைன்னா வெள்ளப் பொடியா மேல பூத்துடும். முன்னாடி கலந்ததெல்லாம் அப்டித்தான் பூத்துச்சு. இதுவும் பூத்தா என்னை மறுபடி பேக்கிங்ல போட்டுடுவாங்க. கடல் காத்துல எப்டி நிக்குதுன்னு பாக்க மாடில கட்டி வெச்சேன். மாமியார் அத்த அவுத்து, காத்துல அடிச்சிகினு இருந்த மாடிக் கதவுல சத்தம் வராம இருக்க ஆணி வெச்சி அடிச்சிட்டாங்க."

"அய்யய்ய. அப்புறம்?"

"சாம்பிள் எங்கன்னு கேட்டு நேத்து மேனேஜரே வூட்டுக்கு வந்துட்டாரு. கதவாண்ட நின்னு விரலால தேய்ச்சிப் பாத்தாரு. இத்தினி மாசமாகியும் பொடியும் இல்ல, வெடிப்பும் இல்ல. இந்தக் கலவையே இருக்கட்டும்னுட்டாரு."

"மாமியார் இன்னா சொன்னாங்க?"

இளையவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அவருக்கு டீ குடுத்தாங்க. அப்டியே கீழ் வூட்டுக் கதவுக்கும் ஒண்ணு வேணும் சார்னு அளவைக் குடுத்தாங்க."