செருப்பு பக்கிள்

— அவ சொல்ல மாட்டா டாக்டரம்மா, நான் சொல்றேன். வீடு மூணாவது மாடி. ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னுடறா. இந்த லட்சணத்துல உடற்பயிற்சி வகுப்புல சேரப் போறாளாம் என் பொண்டாட்டி!

— அய்யா, கேள்வி அவங்களுக்கு. அம்மா, நெஞ்சு வலி, தலைசுத்தல் ஏதாவது உண்டா?

— எனக்கென்ன டாக்டர், குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.

— குத்துக்கல்லு ஏன் பாதிப் படியில நிக்குது? கேளுங்க டாக்டரம்மா!

— இவர் இருக்காரே, லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் டாக்டர். ஊரையே மேல ஏத்தி இறக்குவார். எங்க வீட்டுக்கு மட்டும் படிதான்.

— பேச்சை மாத்தாதே. டாக்டரம்மா, எங்க தொழில்ல ஒரு முறை உண்டு. கயிறு, பிரேக் பார்க்காம ஆளை ஏத்த மாட்டோம். அதான், முதல்ல செக்கப், அப்புறம் வகுப்புன்னு இழுத்துட்டு வந்தேன்.

— நல்ல முறைதான். இதோ, இப்ப எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் வந்துடுச்சு. ஈசிஜி சுத்தம். பிரஷர் சரி. மெஷின்ல அவ்வளவு நேரம் நடந்தாங்க, மூச்சே வாங்கல. தாராளமா சேரலாம்.

— நிஜமாவா? அப்பாடா! ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல டாக்டரம்மா. இவளுக்கு ஒண்ணுன்னா நான்... சரி விடுங்க. செருப்பை மாட்டிக்கோ, கிளம்பலாம்.

— டாக்டர், வந்தது வந்தோம். அந்த வயரெல்லாம் ஒட்டி இவருக்கும் ஒரு தடவை பாத்துடுங்களேன்.

— எனக்கு எதுக்குடி? இரும்பு உடம்பு! படியில கூட உனக்குத் துணையாத்தானே நிக்கறேன்?

— அம்மா, எனக்கு ஒண்ணு புரியல. இவ்வளவு நல்ல மூச்சை வெச்சுக்கிட்டு நீங்க எதுக்கு நிக்கறீங்க?

— அது... செருப்பு பக்கிள் அவுந்துடும் டாக்டர். குனிஞ்சு மாட்டுவேன்.

— கேட்டீங்களா! ஆடி அசைஞ்சு மாட்டுவா. நான் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிப்பேன். புதுச் செருப்பு வாங்கித் தந்தும் அதே கதைதான்.

— புதுசுன்னா, இப்ப கால்ல இருக்கே, இதுவா? இதுல பக்கிளே இல்லையே அய்யா.

— ஆமா, அந்தத் தொல்லையே வேணாம்னுதானே பாத்து வாங்கினேன்... ஏய், இரு. அப்புறம் நேத்து படியில குனிஞ்சு எதைடி மாட்டிக்கிட்டு இருந்தே?

— கோவிச்சுக்காதீங்க. முதல் மாடியிலயே உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் பாக்கலைன்னு நினைச்சு நெஞ்சை நீவி விட்டுக்கறீங்க. டாக்டர்கிட்ட போலாம்னா சண்டைக்கு வர்றீங்க. எனக்கு எதுக்குங்க வகுப்பு? உங்களை இந்த ரூமுக்குள்ள கொண்டு வர வேற வழி தெரியல. பக்கிளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நில்லுங்கன்னா நிக்கற ஆளா நீங்க? நான் குனிஞ்சாத்தானே நிக்கறீங்க.