நாலு விரல் மடிப்பு

— பாவாடைப் பைக்குள்ள இது என்னம்மா, சுருட்டின துணி? சாம்பிள் குடுக்கும்போது குப்பையையாவது எடுத்துட்டுக் குடுக்க மாட்டீங்களா?

— குப்பைன்னே எழுதிக்கோங்க மேடம். உங்க ஃபாரத்துல அதுக்கும் ஒரு கட்டம் இருக்குமே.

— அத்தை, சும்மா இருங்க. மேடம், அது குப்பை இல்ல, அது வந்து...

— நீ பட்டனுக்குக் காஜா எடுக்கற வேலையைப் பாருடி. என்னன்னு கேட்டா சொல்லலாம். குப்பைன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு எதுக்கு விளக்கம்?

— பாருங்கம்மா, சிம்பிளா சொல்றேன். ஸ்கூலுக்கு அறுநூறு யூனிஃபார்ம் பாவாடை. ஆர்டரை உங்க குழுவுக்குக் குடுக்கறதா, ஃபாக்டரிக்கு அனுப்பறதான்னு இன்னிக்கு நான் எழுதிக் குடுத்தாகணும். கீழ மடிப்பு அரை இஞ்சுன்னு போட்டிருக்கு. நீங்க எவ்ளோ வச்சிருக்கீங்க?

— நாலு விரல்.

— விரலெல்லாம் ஒரு அளவா?

— டேப்பு நீங்க வந்தப்புறம் வந்தது. விரல் நான் பொறந்ததுலேர்ந்து இருக்கு.

— வருஷா வருஷம் ட்ரெயினிங் குடுத்திருக்கோம். அரை இஞ்சு மடிக்க வரலையா உங்களுக்கு?

— ட்ரெயினிங்கா, அதை ஏன் கேக்கறீங்க. மொத வருஷம் மெழுகுவத்தி. இந்தச் சந்துல முப்பது பொம்பளைங்க, முப்பது பேருக்கும் மெழுகுவத்தி. தெரியாமத்தான் கேக்கறேன், யாரு யாருகிட்ட விக்கறது? ஒரு வருஷத்துக்கு இங்க கரண்டு போனாத்தான் நல்ல வெளிச்சமா இருந்துச்சு. அடுத்த வருஷம் தன்னம்பிக்கை. கண்ணாடியைப் பார்த்து 'நான் ஒரு தொழிலதிபர்'னு தினம் பத்து தடவை சொல்லணுமாம். எங்க வீட்டுக் கண்ணாடி பாத்திரம் தேய்க்கற இடத்துல தொங்குது. பார்த்தா தொழிலதிபர் ஒரு கையில நாரு, ஒரு கையில குக்கர் மூடியோட நிக்கறாங்க.

— அந்த வகுப்பு நான் எடுக்கல.

— நீங்க எடுத்திருந்தா மட்டும் என்ன, குக்கர் தானா தேய்ஞ்சிருக்குமா? இந்தச் சந்துல எனக்கு டெய்லரக்கான்னு பேரு. முப்பது வருஷமா அதான் பேரு. உங்க ஃபாரத்துல நான் பயனாளி நம்பர் ஏழு.

— மேடம், கோவிச்சுக்காதீங்க. அத்தை வாய்தான் இப்படி. ஸ்டூல்ல உக்காருங்களேன், மூணாவது தடவையா தொடச்சுட்டேன்.

— பரவாயில்லம்மா. நிக்கறேன்.

— விடுடி. உக்காந்தா இந்தச் சந்து அவங்க புடவையில ஒட்டிக்கும். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். இந்த வாசல்ல தலையை இடிச்சுக்காம உள்ள வந்த மொத ஆபீசர் இவங்கதான். போன தடவை வந்தவருக்கு நெத்தி புடைச்சுப்போய் நான்தான் ஐஸ் வச்சு விட்டேன். இவங்க வழிகூட யாரையும் கேக்கல, குழாயடிப் பக்கமா நேரா வந்துட்டாங்க. சரி, அந்த ஃபைலை எதுக்கு மேடம் முழங்காலுக்கு நேரா பிடிச்சிட்டு நிக்கறீங்க? எங்க வீட்டுக் கொசு ஃபைலுக்கெல்லாம் பயப்படாது.

— பேச்சை மாத்தாதீங்க. பத்து வயசு சைஸ்தானே கேட்டோம். அதுல நாலு விரல் மடிப்பு எதுக்கு?

— பத்து வயசுப் பிள்ளை பத்து வயசாவேவா நிக்கும்? அடுத்த வருஷம் ஒரு விரல் பிரிச்சு இறக்கினா பதினொண்ணு. அதுக்கடுத்த வருஷம் இன்னொரு விரல். இதெல்லாம் உங்க ஆபீஸ்ல யோசிக்க மாட்டாங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் பாவாடை தானா வந்துடும்.

— துணி அளந்துதான் வரும். அதிகத் துணிக்கு எங்க போவீங்க?

— நீங்க குடுத்த அளவுத் துணியிலதான் இதை வெட்டினேன். ஃபாக்டரியில அடுக்கி வச்சு ஒரே அறுப்பா அறுப்பான், பாதி கீழ விழும். நாங்க ஒண்ணை நேராவும் ஒண்ணைத் தலைகீழாவும் போட்டு, இடுக்கு விடாம வெட்டறோம். அங்க பெருக்கித் தள்றதுதான் இங்க நாலு விரல். வேணும்னா உங்க ட்ரெயினிங்ல சேத்துக்கோங்க, நானே வந்து கத்துக் குடுக்கறேன்.

— நல்லாத்தான் பேசறீங்க. பிரிச்சு இறக்கினா கோடு தெரியுமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? மேல துணி வெளுத்திருக்கும், மடிப்புக்குள்ள இருந்தது வெளுத்திருக்காது. நடுவுல பழைய மடிப்பு அப்படியே கோடா நிக்கும். எவ்ளோ தேய்ச்சாலும் போகாது. வருஷத்துக்கு ஒண்ணு. அதை எண்ணறதுக்குன்னே கிளாஸ்ல நாலு பேரு இருப்பாங்க.

— அட, பரவாயில்லையே. துணியைத் தொட்டவங்க பேசற மாதிரி இருக்கு. ஆபீஸ்லேர்ந்து வந்த ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல.

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— பதில் உங்க கையிலதான் இருக்கு. குப்பைன்னீங்களே, அதைப் பிரிச்சுப் பாருங்க. அதே துணியில வெட்டின பட்டி. மடிப்பை இறக்கறப்போ கோட்டு மேல வச்சு ஒரு தையல் போட்டா முடிஞ்சது. பாக்கறவங்களுக்கு அது டிசைன். ஒரு பிள்ளையும் எண்ணாது.

— இதை அறுநூறுக்கும் வைப்பீங்களா?

— அறுநூறுக்கும்.

— ஃபாரத்துல பட்டிக்கு இடம் இல்லம்மா. எனக்கு மேல ஆள் இருக்காங்க. அரை இஞ்சுன்னா அரை இஞ்சு. இப்பவே இந்தச் சாம்பிளைப் பிரிச்சு மாத்தித் தைச்சுக் குடுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். இல்லன்னா ஆர்டர் ஃபாக்டரிக்குத்தான்.

— அத்தை, பிரிச்சுடலாம் அத்தை. பதினோரு பேரு இதையே நம்பிட்டு இருக்கோம். இது போச்சுன்னா நான் மறுபடி நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கணும். என்னால முடியல அத்தை. இதோ, கத்திரி எடுத்துட்டேன்.

— மடிப்புல கத்திரி பட்டுச்சு, அப்புறம் இந்த மெஷின்ல நீ உக்காரவே வேணாம். கேட்டுக்கோங்க மேடம், சைக்கிள் கடைக்காரர் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு இங்க. குழாயடிக்கு அந்தப் பக்கம் வீடு. அஞ்சாவதுல தைச்ச பாவாடையை எட்டாவது வரைக்கும் மூணு தடவை பிரிச்சு இறக்கினேன். அப்போ எனக்குப் பட்டி வைக்கற புத்தி இல்ல, அளவு சரியா வந்துச்சா, போதும்னு இருந்துட்டேன். மூணு கோடு. ஸ்கூல்ல அவ பேரே 'மூணு கோடு'ன்னு ஆயிடுச்சு. ஒருநாள் அவங்கம்மா வந்து அந்தப் பாவாடையை இந்த மெஷின் மேல வீசிட்டு, 'எம்பொண்ணு இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டாளாம், சந்தோஷமா'ன்னு கேட்டா. அன்னிக்கு உக்காந்து வெட்டினதுதான் மொதப் பட்டி. அதை எடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போனா, கதவுல பூட்டு. கடையைக் காலி பண்ணிட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்க. அதனால உங்க அரை இஞ்சை நீங்களே வச்சுக்கோங்க. ஃபாக்டரியில தைக்கட்டும், அடுத்த வருஷமே எல்லாப் பிள்ளைக்கும் பாவாடை முழங்காலுக்கு மேல நிக்கட்டும்.

— கத்திரியை வைம்மா. பிரிக்க வேணாம். நாலு விரல்னே எழுதிட்டேன். கூடவே பட்டியும் வேணும்னு எழுதி, கையெழுத்துப் போட்டாச்சு. மேல யாராவது கேட்டா நான் பேசிக்கறேன்.

— அத்தை, நிஜமாவே போட்டுட்டாங்க அத்தை.

— என்ன மேடம், திடீர்னு இரக்கமா? அதெல்லாம் இங்க வேணாம். இரக்கப்பட்டு என்ன ஆகப்போகுது? அந்தப் பொண்ணு அழுது அழுது படிப்பையே விட்டிருப்பா.

— விடல டெய்லரக்கா. நோட்டை முழங்காலுக்கு நேரா பிடிச்சிட்டு நிக்கக் கத்துக்கிட்டேன்.