ஊசிமூக்கு மீனுக்குச் சாப்பாடு

இருங்க முனீரா, வாளியை அப்புறம் திறக்கலாம். தொட்டியில இருக்கிற இந்த மீன் சாப்பிடுற கதையைச் சொல்லிடுறேன். தெரியாம உங்க வீட்டுக்குக் கொண்டுபோனா நீங்கதான் கஷ்டப்படுவீங்க.

ஜெரார்ட், என் வீட்டுக்காரரு, இதை வாங்கிட்டு வந்த புதுசுல இது எதையுமே தொடல. கடையில கொடுத்த ஃப்ரோசன் இறாலைப் போட்டாரு. கிட்ட வரும், பார்க்கும், திரும்பிப் போயிடும். ஊசி மாதிரி மூக்கை வெச்சுக்கிட்டு என்ன திமிரு பாருங்க! கடைக்காரரே சொல்லிட்டாரு, இந்த மீன் பட்டினி கிடந்தே செத்தாலும் சாகும்னு. இவரு விடல. தேக்கா மார்க்கெட்ல உயிரோட லாலா வாங்கிட்டு வந்தாரு. ஆமாமா, நாம சம்பல் போட்டுச் சாப்பிடுற அதே சிப்பிதான். கத்தியால பிளந்து, பாதி ஓட்டோட பாறை இடுக்குல சொருகிட்டு, தொட்டிக் கண்ணாடி முன்னாடி உட்கார்ந்துட்டாரு. அது வந்து ஒரு கொத்து கொத்துச்சு பாருங்க, ஃபுட்பால்ல கோல் போட்ட மாதிரி கத்தினாரு! பக்கத்து வீட்டு தங்கம் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா.

துவாஸ் ஃபேக்டரியில வேலை அவருக்கு. காலைல போனவரு, வேலை இடத்துலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு. போன வருஷம். பரவால்லமா, நீங்க கேட்டதுல தப்பில்ல.

அடக்கம் முடிஞ்சு வந்து பார்த்தா, மீன் சாப்பிடல. அதே லாலா, அதே கத்தி, அதே இடுக்கு. ம்ஹூம். முதுகு பிளேடு மாதிரி ஆயிடுச்சு. எனக்கும்தான் சோறு இறங்கல. போறதுன்னா போகட்டும்னு விட்டுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வர்றேன், இடுக்குல லாலா ஓடு. உள்ள சதை ஒண்ணுமில்ல, வழிச்செடுத்த மாதிரி இருக்கு. இல்லமா, நான் வைக்கல. சாவியா? என் மக லொரைன்கிட்ட ஒண்ணு இருக்கு, அவ மெல்பர்ன்ல இருக்கா. ஃபாதர்கிட்ட சொன்னேன். துக்கத்துல நீங்களே வெச்சுட்டு மறந்திருப்பீங்கன்னாரு. இருக்கும் லா, நானும் அப்படித்தான் நினைச்சேன். லாலா வாங்குறதையே நிறுத்திட்டேன். அப்பவும் பூசைக்குப் போயிட்டு வந்தா புது ஓடு இருக்கு. தரையில உப்புத்தண்ணி சொட்டியிருக்கு. மீனைப் பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு ஆயிடுச்சு.

பயமா? அவருகிட்ட எனக்கென்னமா பயம். ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போகாம, தலையெல்லாம் சீவிக்கிட்டு, இதோ இந்த நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும். யாரும் வரல. அன்னிக்கு மீனும் பட்டினி.

சரி, வாளியைக் கொண்டாங்க. மெதுவா, முள்ளு குத்தும்.

என்னது? நல்லா சாப்பிடுற மீனை எதுக்குக் கொடுக்குறேன்னா? ஒண்ணுமில்லமா. மீனுக்காக வர்றாரு, எனக்காக வரல. இது இல்லன்னாலும் வீட்டுக்கு வர்றாரான்னு பார்க்கணும். நான் ஒருத்தி இங்க இருக்கேன்ல.