இறந்தவர் பெயரில் வந்த ஸ்கேன்கள்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. கணவர் பள்ளி வாகன ஓட்டுநர். நான் புகார்தாரரின் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, பின்னர் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நோயாளிகளுக்குத் தொற்றும் கிருமிகளைக் கம்ப்யூட்டரில் கண்காணிப்பது என் வேலை. ரத்தப் பரிசோதனை முடிவு, படுத்திருந்த கட்டில், மாறிய வார்டு எல்லாம் ஒரே திரையில் வரும். வார்டுகளில் என்னைக் கிருமியக்கா என்று கூப்பிடுவார்கள். ஸ்கேன் மெஷினைத் திருடியதாக நிர்வாகம் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

மழை தொடங்கிய சமயம் வெவ்வேறு வார்டுகளில் சிலருடைய ரத்தத்தில் ஒரே கிருமி தெரிந்தது. ஒருவர் எலும்பு முறிவுக்கு வந்தவர், ஒருவர் டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஒருத்தி பிரசவித்த பெண். இவர்கள் ஒரே அறையில் இருந்ததில்லை, ஒரே டாக்டர் பார்த்ததுமில்லை. பிரசவித்த பெண் இறந்துபோனாள். அவளுடைய அக்கா குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் மதியம் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு அம்மா என் அறைக்கு வந்தார். அவர் கணவர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் காய்ச்சல் கண்டு இறந்து, அடக்கமும் ஆகிவிட்டவர். அந்த அம்மா செல்போனை நீட்டினார். "உங்கள் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது" என்று கணவர் பெயரோடும் வார்டு பெயரோடும் வரிசையாக மெசேஜ்கள் இருந்தன. கடைசி மெசேஜ் சற்று முன்பு வந்தது.

"அவரை எங்கம்மா வச்சிருக்கீங்க? உள்ளதைச் சொல்லிடுங்க, நான் சத்தம் போட மாட்டேன்" என்றார்.

அவரை உட்கார வைத்துவிட்டு அவர் கணவரின் பதிவைத் திறந்தேன். அது மூடப்படாமல் இருந்தது. இறந்தவர் எலும்பு வார்டுக்குப் போயிருந்தார், அதன் பிறகு டயாலிசிஸுக்கு, அதன் பிறகு பிரசவ வார்டுக்கு. அவர் போன இடமெல்லாம் பின்னாலேயே காய்ச்சல் வந்திருந்தது. கடைசி மெசேஜில் குழந்தைகள் வார்டு என்று இருந்தது.

நான் ஓடினேன், அந்த அம்மாவும் பின்னால் வந்தார். அங்கே ஒரு சிறுமியின் கழுத்தில் அப்போதுதான் மருந்து ஏற்றும் குழாய் போட்டிருந்தார்கள். ரத்தக்குழாய் எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவிய ஸ்கேன் மெஷின், சக்கரம் வைத்தது, கட்டிலருகே நின்றது. திரையின் மூலையில் இறந்தவர் பெயர் இருந்தது. அவருக்கு எடுத்த ஸ்கேனை யாரும் முடித்து வைக்காததால், அதன் பிறகு எல்லோருக்கும் எடுத்தது, மெஷின் நின்ற வார்டின் பெயரோடு, அவர் பெயரிலேயே ஏறியிருக்கிறது. தோலில் வைத்துத் தேய்க்கும் முனையில் ஒரு விரிசல் இருந்தது. உள்ளே ஸ்கேனுக்குத் தடவும் பசை பழசாகி மஞ்சளாக இறுகிக் கிடந்தது.

அந்த அம்மா திரையைத் தொட்டுப் பெயரை வாய்விட்டுப் படித்தார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "அவர் ஒருத்தருக்கும் கெடுதல் நினைச்சவர் இல்லம்மா" என்றார்.

டாக்டரிடம் சொல்லிச் சிறுமியின் குழாயை எடுக்கவைத்து, அன்றே மருந்து தொடங்கினோம். அவள் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டாள். முனையில் எடுத்த மாதிரியில் அதே கிருமி வளர்ந்தது.

அதன் பிறகு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் என்னையும் அந்த அம்மாவையும் கூப்பிட்டார். குடும்பத்தார் ஒரு கையெழுத்துப் போட்டால் இறந்தவர் பதிவை அழித்துவிடலாம், மெசேஜ் தொல்லையும் நின்றுவிடும் என்றார். "மெஷின் ரிப்பேருக்குப் போகுது. இத்தோட விட்டுடுங்க சிஸ்டர்" என்று என்னிடம் சொன்னார். அந்த அம்மா பேனாவைத் தொடவில்லை. "வந்துட்டுப் போகட்டும் சார். அவர் எங்க போறார்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

அதன் பிறகு சில நாட்கள் ஒன்றும் வரவில்லை. ஒரு காலை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அம்மா போன் செய்தார். "கிளம்பிட்டார்மா" என்றார். மெசேஜில் இருந்தது ஊரின் மறுகோடியில் உள்ள எங்கள் மருத்துவமனையின் கிளை. இருவரும் வாடகைக் காரில் போனோம். அதே மெஷின்தான் அங்கே நின்றது. முனை மாற்றப்படவில்லை, விரிசல் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். ஒரு முதியவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். நான் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, சர்வீஸுக்குப் போக வேண்டும் என்று பொய் சொல்லி, அதை லிப்டில் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொண்டுபோயிருப்பேன்.

கீழே ஒரு வேன் பிடித்து ஏற்றி வந்த மெஷின் இப்போது அந்த அம்மாவின் தையல் அறையில் போர்வை போர்த்தி நிற்கிறது. அதற்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை என்று, தைக்கும் இடத்தை அவர் மாற்றிப் போட்டிருக்கிறார். அதை எடுக்கப் போகிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். முனையைத் துடைக்கக் கூடாது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நடந்தது இதுவே. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(ஒப்பம்)