யமுனா காதில் கேட்ட மூச்சு

— யமுனாக்கா, இந்த டெஸ்ட் மெஷினோட ரப்பர் முனை காதுல இறுக்கமா ஒக்காரணும். தலைய ஆட்டாதீங்க. இப்பவும் கேக்குதா?

— கேக்குது யாமினி மேடம். என் மூச்சுதான், துருத்தி ஊதற மாதிரி. இப்ப பேசறேனே, இது தகர ஷெட்டுக்குள்ள நின்னு கத்தற மாதிரி மண்டையில இடிக்குது.

— மேடம், நான் இவ ஊட்டுக்காரன், திருமலை. ரெண்டு மாசமா இதேதான் சொல்லிக்கினு கீறா. தன் மூச்சு தனக்குக் கேக்குதுன்னா அது மனசு சம்பந்தப்பட்டது, கேரண்டி. நாளைக்கு மனநல டாக்டர்கிட்ட டோக்கன் போட்டு வெச்சிருக்கேன். மொதல்ல காது டெஸ்டுதான்னு இவதான் புடிவாதமா இங்க இட்டாந்தா.

— எனக்குப் பைத்தியம் இல்லன்னு எனக்குத் தெரியும் மேடம். நான் பஸ் ஸ்டாண்டுல அனவுன்சர். பதினோரு வருசம். நகரி, புத்தூர் பஸ்ஸுன்னா தெலுங்குல ஒரு தபா, தமிழ்ல ஒரு தபா சொல்லணும். இப்ப மைக்குல வாயத் தெறந்தாலே என் கொரலு என் காதப் பொளக்குது. அடக்கி அடக்கிப் பேசறேன். ஜனத்துக்குக் கேக்கல, பஸ்ஸ வுட்டுடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா வேற ஆளப் போடறேன்னுட்டாரு சூப்பர்வைசர்.

— படுத்தாலும் கேக்குதா?

— படுத்தா நின்னுபூடும். குனிஞ்சாலும்தான். அதுக்காகப் படுத்தா சோம்பேறித்தனம்ன்றாரு இவரு.

— சரிக்கா. மூக்குக்குப் பின்னாடியிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போவுது. எப்பவும் மூடியிருக்கும். எச்சில் முழுங்கினா, கொட்டாவி விட்டா ஒரு நொடி தெறந்து மூடும். மலை மேல பஸ்ஸுல ஏறும்போது காது அடைச்சு, முழுங்கினதும் பட்டுனு விடுதில்ல? அந்தக் குழாய் தெறக்கறதுதான் அது.

— அப்ப இவளுக்கு அடைச்சிருக்கா மேடம்?

— பாத்துடலாம்ணா. இந்த ஸ்கிரீன்ல ஒரு கோடு ஓடுது பாருங்க. செவிப்பறை அசைஞ்சா கோடும் அசையும். அக்கா, மூச்ச நிறுத்துங்க... நேரா ஓடுதா? இப்ப வாய மூடிக்கினு, வலது மூக்க விரலால அடைச்சு, இடது மூக்குல நல்லா இழுங்க. விடுங்க. இழுங்க. விடுங்க.

— இன்னா மேடம், கோடு அலை அலையா ஏறி எறங்குது?

— அவங்க மூச்சுக்குத் தக்கபடி செவிப்பறை ஆடுதுண்ணா. இப்படி ஆடக் கூடாது. நீங்க வந்து ஒக்காருங்க, இதே மாதிரி உங்களுக்கும் வெச்சுக் காட்டறேன்.

— ஒக்காந்துட்டேன். இழுக்கறேன், வுடறேன். எனக்கு நேராவேதானே போவுது?

— நேராதான் போவுது. உங்க குழாய் மூடியிருக்கு. அக்காவுக்கு மூடாம தெறந்தே கெடக்குது. அதான் மூச்சும் பேச்சும் நேரா காதுக்குப் போவுது. படுத்தா அங்க ரத்தம் சேந்து கொஞ்சம் வீங்கும், குழாய் மூடிக்கும். அவங்க சொன்னது ஒண்ணுகூட பொய்யில்லண்ணா.

— இவரு காதுல வுழற மாதிரி இன்னொரு தபா சொல்லுங்க மேடம்.

— ஒண்ணுகூட பொய்யில்ல.

— கேட்டுக்கினீங்களா? அந்த டோக்கன கேன்சல் பண்ணிடுங்க.

— பண்ணிடறேன் யமுனா. தப்புதான். ஆனா மேடம், நல்லா இருந்தவளுக்கு எதனால தெறந்துக்கிச்சு?

— குழாயச் சுத்தி மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கும். அதுதான் அமுக்கி மூடி வெக்கும். ஒடம்பு சட்டுனு எளைச்சா அதுவும் கரைஞ்சுடும். அக்கா, எடை கொறைஞ்சுதா?

— பதினாலு கிலோ. மூணே மாசத்துல.

— சோறு சாப்பிடறதில்லையாக்கா?

— காலையில ஒடம்பு எளைக்கற பவுடரக் கரைச்சுக் குடிக்கறேன், ராத்திரியும் அதே பவுடர். மத்தியானம் ரெண்டு இட்லி.

— எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?

— டாக்டர் இல்ல மேடம். இதோ நிக்கறாரே, இவருதான். திருச்சானூர்ல பவுடர் கடை வெச்சிருக்காரு.

— நல்ல பவுடர் மேடம். தெனம் நூத்திருபது பேரு வந்து குடிக்கறாங்க. இவ எளைச்சதப் பாத்துதான் பாதிப் பேரு சேந்தாங்க.

— இனிமே அக்காவுக்கு வேணாம்ணா. ஒழுங்கா சாப்பிடட்டும், தண்ணி நெறைய குடிக்கட்டும். ஆறேழு கிலோ ஏறினா குழாய் பெரும்பாலும் தானா மூடிக்கும். காது டாக்டர் இந்த ரிப்போர்ட்டப் பாத்து மத்தத சொல்லுவாரு. சூப்பர்வைசருக்கும் அவருகிட்டயே லெட்டர் வாங்கிக்குங்க.

— ஆறேழு கிலோவா? ஞாயித்துக்கிழமை புத்தூர்ல ரெண்டாவது கடை தெறக்கறோம் மேடம். நூத்திருபது பேரும் வராங்க. மேடையில இவ எளைச்ச ஒடம்போட நிக்கணும், பேனர்கூட அடிச்சாச்சு. யமுனா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோயேன்.

— மேடையில நிக்கறேங்க, கண்டிப்பா நிக்கறேன். மைக்க மட்டும் என் கையில குடுங்க, வந்தவங்கள்ல யாருக்கெல்லாம் அவங்கவங்க மூச்சு காதுல கேக்குதுன்னு கைதூக்கச் சொல்லிப் பாக்கணும்.