முகத்தைப் படம் எடுத்தார்கள், முதுகை யார் பார்த்தார்கள்?

இந்த அவையின் தலைமை இருக்கையை அணிசெய்யும் ஊராட்சித் தலைவர், மதிப்புக்குரிய ராமலெட்சுமி அம்மையார் அவர்களே! நம் தெருக்களையெல்லாம் தம் காலடியால் அளந்து வைத்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் மகேஸ்வரி அவர்களே! வெயிலைத் தலையிலும் வேதனையை நெஞ்சிலும் சுமந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! களையெடுத்த கையைக் கழுவிய ஈரம் காயுமுன் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! உச்சிப்புளியிலிருந்து பேருந்து பிடித்தும், பாம்பன் பாலம் கடந்து இராமேஸ்வரத்திலிருந்து வேன் பிடித்தும் வந்திருக்கும் சொந்தங்களே! வீட்டில் படுக்கையில் ஓர் உயிரை விட்டுவிட்டு, மனத்தையும் அங்கேயே விட்டுவிட்டு, உடம்பை மட்டும் இங்கே கொண்டுவந்திருக்கும் உங்கள் அத்தனை பேருக்கும், விவசாயிகள் சங்கத்தின் சார்பில் காளீஸ்வரனின் தாழ்மையான வணக்கம்.

என்ன அங்கே சிரிப்பு? “காளி மைக்கப் பிடிச்சா கண்மாய் மடையப் பத்தித்தான் பேசுவான்” என்கிறீர்களா? உண்மைதான், அய்யா. மடை உடைந்தபோது பேசினேன். வரத்துக் கால்வாய் தூர்ந்தபோது பேசினேன். இன்று மடையைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு மனிதனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிப்பை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இனி வருவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

தங்கசாமியை உங்களில் தெரியாதவர் யார்? வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறடி ஆள். அறுவடை முடிந்தால் ஆர்.எஸ்.மங்கலத்துச் சுற்றுப்பட்டில் வைக்கோல் லாரிக்குப் பாரம் கட்ட அவரைத்தான் தேடி வருவார்கள். மேகம் ஒன்று தரையில் இறங்கி நிற்பதுபோல் லாரியின் மேல் வைக்கோல் நிற்கும். அதன் உச்சியில் நின்றுகொண்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டபடி, கீழே போகிற வருகிறவரையெல்லாம் கேலி பேசுவார். என் வயல் வைக்கோலும் அவர் கட்டிய பாரமாகத்தான் ஊர் தாண்டிப் போனது.

அந்த உச்சியிலிருந்துதான் அவர் ஒரு நாள் விழுந்தார். கயிறு அறுந்தது, முதுகெலும்பு முறிந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. வலியும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவி மீனம்மாள் ஒல்லியான உடம்புக்காரி. அந்த ஆறடி மனிதரை அவர் ஒருவராகப் புரட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அப்போதுதான், நெடுநாள் படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிவந்து பராமரிக்கும் அரசுத் திட்டத்தில் அவரைச் சேர்த்தார்கள். நல்ல திட்டம். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நல்ல திட்டம்! ஆனால் அதை நடத்தும் பொறுப்பு ஒப்பந்தத்தில் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. அந்த நிறுவனம் அனுப்பிய பணியாளர்தான் மாரிச்செல்வி.

பொறுங்கள். யாரோ பின்னால் முணுமுணுக்கிறீர்கள். “அந்தப் பொண்ணு எந்த முகத்த வச்சுக்கிட்டு இங்கன வந்து ஒக்காந்திருக்கு?” என்றுதானே? அது எனக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தம் பக்கத்தில் உட்கார வைத்திருப்பவர் யாரென்று பாருங்கள். மீனம்மாள் அக்கா. பறிகொடுத்தவரே பக்கத்தில் வைத்திருக்கும்போது நமக்கென்ன அவசரம்? முழுவதையும் கேளுங்கள். பிறகு பேசுங்கள்.

முதல் வருடம் மாரிச்செல்வி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். வந்ததும் சேலையைச் செருகிக்கொண்டு, வெந்நீர் வைத்து, தங்கசாமியைத் துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். மீனம்மாளுக்கும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அவரைப் புரட்ட முடியும். அக்கம்பக்கத்து ஆண்களைக் கூப்பிடலாமே என்றால் தங்கசாமி சம்மதிக்க மாட்டார். “எவன் கண்ணுலயும் நான் இப்படிக் கெடந்து படக்கூடாது. என் மக வரும், அது பாக்கட்டும்” என்பார். ஆம், பெற்றெடுக்காத மகள்! மாரிச்செல்வி வந்தால் அந்த வீட்டில் பழைய கேலிப்பேச்சு கேட்கும்.

பிறகு என்ன ஆயிற்று? நிறுவனம் தன் எல்லையை விரித்தது. ஆட்களை விரித்ததா? இல்லை! விட்டுப்போன பணியாளர்களின் இடத்தில் புது ஆள் வைத்ததா? இல்லை! இங்கே வயற்காட்டு ஊர்கள், அங்கே உச்சிப்புளியைச் சுற்றிய கடற்கரை ஊர்கள், எல்லாம் அந்த ஒற்றைப் பெண்ணின் தலையில். காலையில் இங்கே, மதியம் அங்கே. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே பாதிப் பகலைத் தின்றது. உட்கார நேரமில்லாதவர் வெந்நீர் வைப்பது எப்படி? ஓட்டமும் நடையுமாக வருவார். வாசலில் நிற்பார். கைப்பேசியில் தங்கசாமியின் முகத்தைப் படம் எடுத்து அனுப்புவார். அனுப்பினால்தான் வந்ததாகக் கணக்கு. உடனே கிளம்பிவிடுவார். ஒரு நாள் மீனம்மாள் கேட்டார்:

“ஏந்தாயி, ஒரு கை புடிச்சிட்டுப் போகலாம்ல?”

“அடுத்த வண்டி போயிருச்சுன்னா உச்சிப்புளிக்குப் போக முடியாதும்மா. போகலன்னா சூப்பர்வைசர் சாரு கிழிச்சுருவாரு. நாளைக்கு நேரத்தோட வாரேம்மா.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கைப்பேசி அலறியது. மறுமுனையில் போட்ட சத்தம் மீனம்மாளுக்கே கேட்டது. “ஒரு வீட்டிலிருந்து குறை வந்தாலும் நீ வீட்டிலேயே இருந்துக்கோ” என்பதுதான் அந்தச் சத்தம். மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மீனம்மாளுக்கு அது தெரியும்.

சொந்தங்களே, சோகம் அங்கேதான் கருக்கொண்டது. மாதம் ஒருமுறை ஒரு தொலைபேசி வரும். “பணியாளர் வந்தாரா அம்மா? சேவை திருப்தியா?” என்று இனிமையான ஒரு குரல் கேட்கும். மீனம்மாள் சொல்வார்: “வந்துச்சு தாயி. நல்லாப் பாக்குது. ஒரு கொறையும் இல்ல.”

ஏன் சொன்னார்? பயத்தாலா? பேராசையாலா? பாசத்தால் சொன்னார், அய்யா, பாசத்தால் சொன்னார்! தன் ஒரு சொல்லால் இன்னொரு வீட்டு அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்று சொன்னார். தொலைபேசியில் அப்படிக் கேட்டது யார் தெரியுமா? அரசாங்கமா? அதே நிறுவனம்! சமைத்தவரே சாப்பிட்டுப் பார்த்து, சுவை பிரமாதம் என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்ட கதை. நிறுவனத்தின் அறிக்கையில் நம் ஊர் முழுத் திருப்தி! முகத்தைப் படம் எடுத்தார்கள். முதுகை யார் பார்த்தார்கள்?

முதுகில் சிவப்பு வந்தது. சிவப்பு புண்ணானது. உணர்ச்சியில்லாத உடம்பு, வலித்தால் அல்லவா கத்துவார்? மீனம்மாள் கையை உள்ளே விட்டுத் துடைப்பார், மருந்து பூசுவார். புண்ணின் ஆழம் அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் மேலிடத்து அரசு அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். கூடவே நிறுவனத்தின் சூப்பர்வைசர். வருவதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். வீட்டில் புண்ணின் வாடை. வெளியாட்கள் மூக்கைப் பிடித்தால் அந்த மனிதருக்கு அது எத்தனை அவமானம்? மீனம்மாள் ஊதுபத்தி ஏற்றினார். ஒன்றல்ல, கட்டாக ஏற்றினார். புதுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அதிகாரி நாற்காலியில் அமர்ந்தார். “என்ன தங்கசாமி, நல்லாப் பாத்துக்கிறாங்களா?” என்று கேட்டார். தங்கசாமி மனைவியைப் பார்த்தார். “எம் மக மாதிரிய்யா. ஒரு கொறையும் இல்ல” என்றார். அதிகாரி எழும்போது மனம் குளிர்ந்து சொன்னார்: “வீடு கோயில் மாதிரி மணக்குது.”

கேட்டீர்களா தாய்மார்களே? கோயில் மாதிரி மணக்கிறதாம்! அந்தப் போர்வையை ஒரு முழம் விலக்கியிருந்தால், ஒரு கையால் அவரை ஒருக்களித்திருந்தால், இன்று இந்த மேடை கண்மாய் மடையைத்தான் பேசிக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் தங்கசாமிக்குக் காய்ச்சல். மாரிச்செல்வி வந்து படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தியவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்த்தினார். பேருந்து போனால் போகட்டும் என்று உள்ளே வந்தார். இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைப் புரட்டினார்கள். பார்த்தார்கள். எலும்பு தெரிந்தது. மாரிச்செல்வி அங்கேயே மண்டியிட்டு, “அப்பா, அப்பா” என்று அலறிய அலறலில்தான் எங்கள் தெருவே ஓடிவந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் செய்யாதது எதுவுமில்லை. சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது. தங்கசாமி கடைசியாக மனைவியிடம் சொன்னது இதுதான்: “அந்தப் புள்ளைய யாரும் எதுவும் சொல்லிறாம பாத்துக்க.”

அவர் போனார். போன கையோடு நிறுவனம் ஓர் அறிக்கை கொடுத்தது. மரணத்துக்குக் காரணம் பணியாளரின் அலட்சியம், பணியாளர் நீக்கப்பட்டார். முடிந்தது! இத்தனை ஊரை ஒருத்தி தலையில் கட்டியவர் யார்? தெரியாது. ஆள் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் ஒன்றாகவும் ஊரில் வேறாகவும் வைத்தவர் யார்? தெரியாது. அதைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டவர் யார்? தெரியாது, தெரியாது, தெரியாது! தெரிந்தது ஒரே ஒரு பெயர், மாரிச்செல்வி.

இராமநாதபுரத்தில் விசாரணை வைத்தார்கள். மீனம்மாளைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். சூப்பர்வைசர் வினோத்குமார், “இவங்களே ஒவ்வொரு மாசமும் திருப்தின்னு சொல்லியிருக்காங்க மேடம்” என்று அந்தக் குரல் பதிவுகளைப் போட்டுக் காட்டினார். அறை முழுக்க மீனம்மாளின் குரல். ஒரு கொறையும் இல்ல. ஒரு கொறையும் இல்ல. பக்கத்தில் நின்ற அக்கா ஓரடி முன்னே வந்தார். பிறகு அவர் பேசினார். அந்தச் சொற்களை அலங்கரிக்க எனக்குத் தகுதி இல்லை. அப்படியே சொல்கிறேன்.

“பொய் சொன்னது நாந்தாம்மா. அந்தப் புள்ள வேலை போயிருமேன்னு சொன்னேன். ஆளு வந்துச்சான்னு கேட்டீக, வந்துச்சு. ஒத்தப் பொம்பளைக்கு எத்தன ஊருன்னு அதுக்கிட்டக் கேட்டீகளா? இவுக வந்தாக, நாற்காலியில ஒக்காந்தாக, போனாக. அவரு முதுக ஒருத்தராச்சும் பாத்தீகளா? பாக்குறதுக்குன்னு ஒரு ஆளு இருந்திருந்தா, நான் பொய் சொல்லியும் அவரு பொழச்சிருப்பாருல்ல?”

நான் பொய் சொல்லியும் அவர் பிழைத்திருப்பார் அல்லவா! அன்பர்களே, கண்காணிப்பு என்றால் என்ன என்று இதைவிட எவர் சொல்வார்? நோயாளி கூச்சத்தால் மறைப்பான். மனைவி பாசத்தால் மறைப்பாள். பணியாளர் பயத்தால் மறைப்பார். நிறுவனம் இலாபத்துக்காக மறைக்கும். மறைப்பவர் அத்தனை பேரையும் தாண்டிப் போய்ப் பார்க்கும் கண்ணுக்குத்தான் கண்காணிப்பு என்று பெயர். அந்தக் கண் இல்லாத ஒப்பந்தம் வெறும் காகிதம். அந்தக் காகிதத்தின் மேல்தான் ஒரு மனிதன் படுத்துக் கிடந்து அழுகிப் போனான்.

விசாரித்த அதிகாரி அம்மையார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு உத்தரவு வந்தது. நிறுவனமே தொலைபேசியில் கேட்டு நிறுவனமே மதிப்பெண் போடும் ஏற்பாடு நம் ஒன்றியத்தில் நின்றது. செவிலியரும் ஊர்ப் பெண்களும் வீடு வீடாகச் சென்று, உடம்பைக் கண்ணால் பார்த்து அறிக்கை தர வேண்டும். புது ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஊர் அறிய வாசித்த பிறகே கையெழுத்து. வெற்றி என்று கைதட்டாதீர்கள்! தங்கசாமி திரும்பி வரவில்லை. மாரிச்செல்வியின் நீக்கமும் இன்னும் நீங்கவில்லை. அவர் மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் சதை பிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே இந்த அவை இன்று இரண்டு காரியம் செய்ய வேண்டும். மாரிச்செல்வியை மீண்டும் பணியில் அமர்த்தக் கோரும் தீர்மானத்துக்குக் கை உயர்த்த வேண்டும். நாளைக் காலை மகேஸ்வரி அவர்களோடு வீடு வீடாகச் செல்லப் பெண்கள் முன்வர வேண்டும். முதல் வீடு, வடக்குத் தெரு பாண்டித்துரை வீடு. அவர் பக்கவாதத்தில் விழுந்து படுக்கையில் இருக்கிறார். அருவருப்பு இருந்தால் வராதீர்கள். யார் வருகிறீர்கள்?

என்ன... எல்லோரும் தலையைக் குனிந்தால் எப்படி?

யாரது எழுந்திருப்பது? மீனம்மாள் அக்காவா? அந்த மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கப்பா. வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள் அக்கா.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். நான் சொல்கிறேன். “நான் வாரேன். ஆனா ஒத்தையில என்னால ஆம்பள ஆளப் புரட்ட முடியாது. இந்தப் புள்ளையும் கூட வரும்” என்கிறார். மாரிச்செல்வியின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறார். அழாதே தாயே. நில். நிமிர்ந்து நில்.

அதோ, இன்னொரு கை. அதோ ஒன்று. முணுமுணுத்த மூலையிலிருந்தும் ஒன்று. இறக்காதீர்கள், செவிலியர் பெயர் எழுதிக்கொள்ளட்டும்.

நான் இத்தோடு முடித்துக்கொள்கிறேன். பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்களுக்கும், தொலைவிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுப் படுக்கையில் இருப்பவரின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். வணக்கம்.