இடது சக்கரத்து மூட்டு

இல்லம்மா, முழுசாத் திருப்ப வேண்டாம். இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை, அந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை, அவ்ளோதான். தொட்டில் ஆட்டற மாதிரி நிதானமா ஆட்டுங்க. எஞ்சினைப் போட்டுடாதீங்க. நீங்க மேல ஸ்டியரிங்கை ஆட்டிட்டே இருங்க, நான் இந்தக் குழிக்குள்ள நின்னு ஒவ்வொரு மூட்டுலயும் கை வெச்சுப் பாக்கறேன். இந்த வேலைக்கு எப்பவும் ரெண்டு பேர் வேணும்.

ஜாக்கியா? எதுக்கு? தூக்கிட்டா சக்கரம் தொங்கும், மூட்டு மேல பாரம் இருக்காது. தேஞ்சதெல்லாம் நல்லபிள்ளை வேஷம் போடும். வண்டி நாலு கால்ல நின்னாதான் குட்டு வெளிப்படும்.

ம்... நீங்க சொன்னது சரிதான். ஸ்டியரிங் கொஞ்ச தூரம் சும்மா போகுது, அப்புறந்தான் சக்கரம் அசையுது. யாரு, வண்டி வாங்க வந்தவரா? ஸ்டியரிங் பாக்ஸ்ல இருக்கற திருகாணியை முறுக்கினா போதும்னு சொன்னாரா? அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு. முறுக்கினா ஆட்டம் கொறைஞ்ச மாதிரிதான் இருக்கும். ஆனா ஸ்டியரிங் இறுகிப்போய், வளைவுல திருப்பினா திருப்பினபடியே நிக்கும். நோவு ஒரு இடம், பத்து போடறது ஒரு இடமா?

ஆட்டுங்க. பாக்ஸ்லேர்ந்து வர்ற கை நல்லாருக்கு. நடு ராடும் பரவால்ல. இப்ப வலது பக்கம்... இருங்க, இன்னொரு வாட்டி. இதாம்மா. கிண்ணத்துக்குள்ள குண்டு ஆடுது. கண்ணுக்குத் தெரியாது, விரல் வெச்சாத் தெரியும். ரப்பர் கிழிஞ்சு, கிரீஸ் காஞ்சு கெடக்கு. அந்த விபத்துக்கப்புறம் இப்ப நீங்க உக்காந்திருக்கற பக்கத்துக் கதவையும் கூரையையும் நிமித்தினதோட சரி, பத்து வருஷமா துணி போத்தி நிறுத்தியே வெச்சிருந்தீங்க. வேற எப்படி இருக்கும்? இந்த ஒண்ணை மாத்தினா வண்டி நேராப் போகும்.

வித்துடறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா? உங்கப்பா, வாத்தியார் என்ன சொன்னாரு? அட, கேக்கவே இல்லையா. அப்பாவும் பொண்ணும் ஒரே வீட்டுல இருந்தும் பேச்சுவார்த்தை இல்லன்னு கேள்விப்பட்டேன். நான் நம்பல. இல்ல, உங்களைக் குத்தம் சொல்லல. ஓட்டறப்பத் தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தியிருக்கலாம்லன்னு நீங்க கேக்கறது நியாயந்தான். பெத்த தாயைப் பறிகொடுத்தவங்க கேக்காம வேற யாரு கேப்பா?

ஆட்டறதை நிறுத்திடாதீங்க... சரி, நிறுத்துங்க, பரவால்ல.

இடது பக்கமா? அதைப் பாக்க வேண்டியதில்லம்மா. அதுல ஆட்டம் இருக்காது. எப்படித் தெரியும்னா, பத்து வருஷத்துக்கு முன்னாடி அதைப் புதுசா போட்டவனே நாந்தான். நீங்கல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பறதுக்கு மொத நாள். மூட்டை மாட்டினா அடியில ஒரு நட்டு வரும். அது கழண்டு வந்துடாம இருக்க, குறுக்க ஒரு பின் குத்தி ரெண்டு காலையும் விரிச்சு மடக்கணும். முடி குத்தற ஊசி அளவு கம்பிதான். கை ரெண்டும் வேலையா இருக்கும்ல, அதனால பின்னை உதட்டுல கடிச்சுக்கிட்டே நட்டை முறுக்கறது என் பழக்கம். அன்னிக்கு உங்கப்பாவே எனக்கு டீ வாங்கிட்டு வந்து நின்னாரு. கையில டம்ளரோட நிக்கறாரேன்னு, பின்னை எடுத்துச் சட்டைப் பைல போட்டேன். டீயைக் குடிச்சுட்டே ஏதோ பேசிச் சிரிச்சோம். அப்புறம் டம்ளரைக் குடுத்துட்டு, வண்டியை வெளிய எடுத்துட்டேன்.

மறுநாள் சேதி வந்தப்ப அதே சட்டையத்தான் போட்டிருந்தேன். பைல கைய விட்டேன், தட்டுப்பட்டுச்சு.

இழுத்துட்டு வந்து போட்டதும் இந்த இடந்தான். நட்டு ரோட்டுல எங்கயோ விழுந்துடுச்சு, ராடு தனியாத் தொங்கிட்டிருந்துச்சு. காலைல வண்டியைப் பரிசோதிக்க ஆபீசர் வர்றாருன்னாங்க. புது நட்டு போட்டா பளிச்சுன்னு காட்டிக் குடுக்குமேன்னு, பழைய சாமான் டப்பாவைக் கொட்டி ஒரு நட்டைத் தேடி எடுத்தேன். மாட்டி, பின்னையும் குத்தி, மண்ணும் கிரீசும் கலந்து தடவி வெச்சேன். அந்தப் பாவி நாந்தாம்மா. வந்தவரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

உங்கப்பா ஆஸ்பத்திரியில மொத நாள் சரியாத்தான் சொன்னாரு. ஸ்டியரிங் கையில சும்மா சுத்துச்சு, வண்டி கேக்கலன்னு. எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு இங்கயே வந்து உக்காந்தாரு. வண்டியில கோளாறு இல்லன்னா நாந்தான் கண்ணசந்திருப்பேன் போலருக்கு, அப்படித்தானேன்னு என்னையக் கேட்டாரு.

நான் ஆமான்னு தலையாட்டினேன்.

எங்க வந்து சொல்லணுமோ அங்க வந்து நான் சொல்றேன், கையெழுத்தும் போடறேன், அது அப்புறம். மொதல்ல நீங்க வீட்டுக்குப் போங்க. உங்கப்பா தூங்கலம்மா. எறங்கறீங்களா? பாத்து, அந்தப் பக்கம் குழி இருக்கு.